ஏழு மாநாடுகள் கூட்டிய மருத்துவர்: தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் வாழ்வும் பணியும்

1912ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள் தஞ்சை மாநகரில் ஓர் இசை மாநாடு கூடிற்று. அதனைக் கூட்டியவர் அரசர் அல்லர். ஆதீனத் தலைவரும் அல்லர். தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பிழைத்த குடும்பத்தில் வந்தவரும் அல்லர். மருந்து அரைத்து, மாத்திரை உருட்டி, அதை விற்றுப் பொருள் ஈட்டிய சித்த மருத்துவர் ஒருவர், தம் கைப்பொருளைச் செலவிட்டு, தென்னாட்டின் பெரும் வித்துவான்களைத் தம் ஊருக்கு வருவித்து, இசையைப் பற்றிப் பேச வைத்தார். ஒரு முறை கூட்டி ஓய்ந்தாரில்லை. 1916ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏழு முறை கூட்டினார். அவரே இராவ்சாகிபு ஆபிரகாம் பண்டிதர்.

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இப்பெரியாரின் வரலாறு இடம்பெறுவது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். அவர் நம் குலத்தில் பிறந்தவரல்லர். நம் வட்டாரத்தினரும் அல்லர். உண்மைதான். ஆயினும் கவரைப்பேட்டையிலும் சுற்றியுள்ள சேரிகளிலும் இன்று இசையை நாடும் இளைஞர் தொகை சிறிதன்று. பறை பயில்வோர் உளர். திருமண ஊர்வலத்துக்கு இசைக்குழு அமைப்போர் உளர். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையில் இரவுப் பணி முடித்து வந்து, பகலில் ஒலிபெருக்கியும் ஒளிவிளக்கும் வாடகைக்குக் கொண்டு செல்வோரும் உளர். இவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. குழு தொடங்கிய ஓராண்டுக்குள் கணக்கு வழக்கில் பிணக்குண்டாகி, மேளத்தை ஒருவரும் பெட்டியை ஒருவருமாக எடுத்துக்கொண்டு பிரிந்துபோன கதைகளை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குரலும் கையும் வாய்த்தும் காரியம் நிலைபெறாமற் போவது எதனால்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கையைப்போல் பயன்படும் வாழ்க்கை வேறொன்று தமிழ்நாட்டில் உண்டோ என்பது ஐயமே.

அவர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், அந்நாளில் நெல்லைச் சீமையைச் சேர்ந்ததும் இந்நாளில் தென்காசி மாவட்டத்தில் உள்ளதுமான சாம்பவர் வடகரை என்னும் ஊரில் முத்துசாமி நாடார், அன்னம்மாள் இணையர்க்கு மகனாகத் தோன்றினார். அவர் பிறந்த காலத்தை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். மலைக்கு மேற்கே திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, அதற்கு அரசாணை பெற்றதும் அதே 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில்தான். அவருக்கு நாற்பது வயது நிரம்பும் காலத்தில் சிவகாசியில் கலவரம் மூண்டது. கமுதிக் கோயிலில் நுழைந்தமைக்காக அவர் குலத்தார்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நாடார்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்றே எனக் கூறுதல் பொருந்தாது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவனின் துயரம் வேறு. எனினும், கோயில் வாசலில் தடுக்கப்பட்ட ஒரு குலத்திலிருந்து வந்தவர், கோயிலையும் அரண்மனையையும் சார்ந்தே வளர்ந்த ஒரு கலையைப் பற்றி அதன் தலைநகரிலேயே வினா எழுப்பினார் என்பது சிறிய செய்தியன்று.

சுரண்டையில் தொடக்கக் கல்வி பெற்ற ஆபிரகாம், திண்டுக்கல் சென்று ஆசிரியப் பயிற்சி முடித்து அங்கேயே ஆசிரியரானார். பாடம் சொல்லிக் கொடுத்த நேரம் போக எஞ்சிய பொழுதை அவர் வீணாக்கவில்லை. சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் பயின்றார். நிழற்படக் கலை கற்றார். அச்சுத் தொழிலின் நுணுக்கங்களையும் அறிந்துகொண்டார். ஆசிரியப் பிழைப்புக்கு இவற்றுள் எதுவும் தேவையில்லைதான். பிற்காலத்தில் அவர் தலைமேற்கொண்ட பெரும்பணிக்கோ இவை எல்லாமே தேவைப்பட்டன. மருத்துவத்தில் நாட்டங்கொண்டு மூலிகை தேடிச் சுருளிமலைக்குச் சென்றபோது கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு அவரிடம் மருத்துவ நெறி பெற்றார். அவர் கிறித்துவர், ஆசானோ மலையில் வாழ்ந்த சித்தர் மரபினர். தம் மருந்துக்கும், தம் தோட்டத்துக்கும், தம் நூலுக்கும் அந்த ஆசானின் பெயரையே அவர் சூட்டினார். சமய வேற்றுமை அவருடைய நன்றியுணர்வைத் தடுக்கவில்லை.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அவ்வம்மையாரும் ஆசிரியை. இருவரும் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்த நேப்பியர் சீமாட்டி பெண்கள் பள்ளியில் பணியாற்றினர். ஆசிரியர் சம்பளத்தோடு வீட்டில் மருந்து செய்வதும் நடந்தது. நோயாளர் கூட்டம் பெருகவே, 1890ஆம் ஆண்டு வாக்கில் பள்ளிப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். மக்கள் அவரைப் பண்டிதர் என அழைத்தனர். அவருடைய கோரோசனை மாத்திரை வீடுதோறும் பேர் பெற்றது. கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கடல் கடந்து சென்றன. மருந்து தயாரிப்பில் அம்மையாரின் பங்கு பெரிது. பிற்காலத்து இசை மாநாடுகளுக்கு வித்திட்ட செல்வம், இவ்விருவரும் அம்மியிலும் கல்வத்திலும் அரைத்துச் சேர்த்தது என்பதை மறத்தலாகாது.

தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி, கருணானந்தபுரம் என்று பெயரிட்டுத் தோட்டம் அமைத்தார். ஊரார் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். மூலிகை பயிரிட்டதோடு நில்லாமல், கரும்பு முதலிய பயிர்களில் புதுவகை கொணர்ந்து சோதித்தார். சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் லாலி அத்தோட்டத்தைக் காண வந்தார். 1909இல் அரசினர் இராவ்சாகிபு பட்டம் அளித்தனர். மருந்து, வேளாண்மை, அச்சு, இசை என்று அவர் பல துறையில் கை வைத்ததைக் கண்டு, நிலையில்லாத மனம் படைத்தவர் என எண்ணிவிடலாகாது. எதைத் தொட்டாலும் முதலில் சோதனை, பின்பு குறிப்பு, அதன்பின் திருத்தம் என்னும் ஒரே ஒழுங்கில் அவர் நடந்தார். கரும்புப் பாத்தியில் கற்ற பொறுமையே சுருதி ஆராய்ச்சியிலும் கைகொடுத்தது எனலாம்.

இவ்விடத்தில் நம் மனம் வேறொரு பண்டிதரை நினைக்காமல் இருக்க இயலாது. அதே காலத்தில், சென்னை இராயப்பேட்டையில், சித்த மருத்துவத்தில் வல்லவரான அயோத்திதாச பண்டிதர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கி, 1914இல் தாம் மறையும் வரை நடத்திவந்தார். ஒருவர் தமிழரின் சமய வரலாற்றை மறுவாசிப்புச் செய்தார். மற்றவர் தமிழரின் இசை வரலாற்றை மறுவாசிப்புச் செய்தார். இருவரும் மருத்துவர், இருவரும் பழந்தமிழ் நூல்களைச் சான்றாகக் கொண்டவர், இருவரும் அச்சு எந்திரத்தின் வலிமையை உணர்ந்தவர். பிறர் எழுதித் தரும் வரலாற்றுக்காகக் காத்திராமல் தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தாமே பரப்பினர். அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட குலங்களிலிருந்து எழுந்த அறிவாளர்க்குச் சித்த மருத்துவம் ஒரு தனிவாழ்வைத் தந்தது. எசமானன் கையை எதிர்பாராத வருவாயைத் தந்தது. சிந்தனைக்கு அந்த வருவாய் எத்துணைத் துணை என்பதை நம் பெரியோர் அறிவர்.

இசையின்மீது பண்டிதர் கொண்ட பற்று பிடிலோடு தொடங்கியது. தெலுங்கும் வடமொழியும் கோலோச்சிய கச்சேரி மேடையில் தமிழ்ப்பிள்ளை பொருள் அறியாமலே பாடம் பயில்வதைக் கண்டு, பயில்வோர்க்கென எளிய தமிழ்க் கீதங்களை இயற்றினார். அவை கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பெயரில் 1907இல் வெளிவந்தன. கற்பித்துக்கொண்டே போகையில் ஓர் ஐயம் எழுந்தது. ஒரு தாயிக்குள் எத்தனை சுருதிகள் உள்ளன? பதின்மூன்றாம் நூற்றாண்டின் சாரங்கதேவர் நூலை அடியொற்றி இருபத்திரண்டு என்று எல்லாரும் சொல்லினர். வித்துவான்களைக் கேட்டால், நூலில் அவ்வாறு உள்ளது என்றனர். பாடிக் காட்டக் கேட்டால், ஒருவர் காட்டியது மற்றவர் காட்டியதோடு ஒக்கவில்லை.

உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் அச்சேற்றியிருந்தார். அதுவரை ஏட்டில் உறங்கிய செய்திகள் வெளிவந்தன. ஆய்ச்சியர் குரவையில் இடைக்குலப் பெண்டிர் எழுவர் வட்டமாக நின்று, ஏழு இசைக்குரிய பெயர்களைத் தாங்கி ஆடும் காட்சி இருக்கிறது. பன்னிரண்டு இராசி வீடுகளில் இசைகளை நிறுத்தும் முறையும் உரைகளில் இருக்கிறது. பலர் அதைப் படித்துக் கடந்தனர். பண்டிதரோ அங்கே ஒரு கணக்கு இருப்பதைக் கண்டார். இசையிலக்கணத்தின் திறவுகோல் மாடு மேய்க்கும் பெண்களின் ஆட்டத்தில் பொதிந்து கிடந்தது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

தாம் கண்டதை உடனே நூலாக எழுதி வெளியிட்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தமக்கு ஓர் எண்ணம் தோன்றியது என்பதற்காக அது உண்மையாகிவிடாது என்பதை அறிந்தவர் அவர். எதிர்ப்போர் முன்னிலையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று கருதினார். அதற்காகவே சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்னும் அமைப்பை 1912இல் தஞ்சையில் நிறுவினார். இங்கேதான் நம் இளைஞர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி தொடங்குகிறது.

அந்நாளில் இசைவாணர் ஒருவரோடொருவர் அமர்ந்து இலக்கணம் பேசும் வழக்கம் அரிது. ஒரு வித்துவானின் புகழ் மற்றொரு வித்துவானின் புகழுக்குப் பகை. யார் முதலில் பாடுவது, யாருக்கு எந்த இருக்கை என்பதிலேயே அவை கலைந்துவிடும். இத்தகையோரை ஒரு கூரையின்கீழ் அமர்த்திக் கணக்குப் பேசச் செய்வது, பத்து ஆலைகளை நடத்துவதிலும் கடினம். தொலைபேசி இல்லாத காலம். அஞ்சலும் தந்தியும் புகைவண்டியுமே துணை. மாநாட்டுக்கு வருவோரின் பயணம், தங்குமிடம், உணவு ஆகிய செலவு முழுவதையும் பண்டிதர் தாமே ஏற்றார். வந்தவரிடம் நுழைவுக் கட்டணம் பெறவுமில்லை. செல்வர் வீட்டு வாசலில் நன்கொடைக்கு நிற்கவுமில்லை. கூட்டுவிப்பவன் பிறர் பணத்துக்குக் கைகட்டி நின்றால், பேசுபொருளையும் அவர்களே வகுத்துவிடுவர் அன்றோ?

அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், தஞ்சைப் பஞ்சாபகேச பாகவதர் போன்ற பெரும்புகழ் வித்துவான்கள் இம்மாநாடுகளில் கலந்துகொண்டனர். முத்தையா பாகவதருக்கும் பண்டிதருக்கும் இருந்த நட்பு சாதியும் சமயமும் கடந்தது. மாநாட்டில் கச்சேரிகளோடு கட்டுரைகளும் படிக்கப்பட்டன, ஐயங்கள் எழுப்பப்பட்டன, விடைகள் ஆராயப்பட்டன. நிகழ்ந்தவை குறிப்பெடுக்கப்பட்டன. இதனை நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். பேச்சு காற்றில் போகும். குறிப்பு தாளில் நிற்கும். நமது சங்கத்தின் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் தோழர்கள் இவ்விடத்தை இருமுறை படிப்பார்களாக.

மாநாடுகளுக்கு இடையில் இருந்த காலமும் வெறுங்காலம் அன்று. ஒரு மாநாட்டில் தீராத ஐயம் அடுத்த மாநாட்டுக்குப் பொருளாயிற்று. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கியிருந்தால் ஏழும் ஏழு திருவிழாக்களாகவே முடிந்திருக்கும். ஒன்றின் தோள்மீது மற்றொன்று ஏறி நின்றமையால்தான் முடிவில் ஒரு நூல் பிறந்தது.

வெளியே வித்துவான்கள் என்றால், வீட்டுக்குள்ளே மற்றொரு குழு இருந்தது. முதல் மனைவியார் மறைந்தபின் அவர் பாக்கியம்மாளை மணந்தார். மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒருசேர இசை பயிற்றுவித்தார். மேனாட்டு இசைமுறையும் அவ்வீட்டில் பயிலப்பட்டது. மகள் மரகதவல்லி அம்மாள் தந்தையின் ஆராய்ச்சியில் தோளோடு தோள் நின்றார். தந்தை தாளில் கணக்கிட்ட சுருதியை வீணையில் ஒலித்துக் காட்டுவது வீட்டுப் பெண்டிரின் பணியாக இருந்தது. அக்காலத்தில் குடும்பப் பெண்கள் மேடையேறி வீணை வாசிப்பதைப் பழிப்பாகக் கருதியோர் பலர். பண்டிதர் அப்பழிப்பைப் பொருட்படுத்தவில்லை. கணக்கு ஒருவரிடம், கை ஒருவரிடம், காது ஒருவரிடம் என வேலை பகிர்ந்தமையால் ஒருவர் பிழையை மற்றவர் பிடிக்க முடிந்தது.

அந்தக் கணக்குதான் யாது? சிறிது சொல்லுதும். ஒரு தந்தியை மீட்டினால் ஆதார சட்சம் ஒலிக்கிறது என்று கொள்வோம். அதன் பாதி நீளத்தில் மேல் சட்சம் ஒலிக்கும். மூன்றில் இரு பங்கு நீளத்தில் பஞ்சமம் ஒலிக்கும். பஞ்சமத்தைச் சட்சமாகக் கொண்டு அதற்கொரு பஞ்சமம், அதற்கும் ஒரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை சென்றால் பன்னிரண்டு இசைகளும் தோன்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் மூன்றில் இரண்டு என்னும் பின்னத்தைக் கொண்டு பெருக்கிச் சென்றால் சரியாக வந்து சேர்வதில்லை. ஏழு தாயிகளுக்குரிய 128 என்னும் அளவுக்குப் பதில் ஏறக்குறைய 129.75 வந்து நிற்கும். இவ்விடைவெளி சிறிதே, எனினும் கூரிய செவி அறியும். சிலப்பதிகாரம் கூறும் வட்டம் முழுமையாக மூடும் வட்டம் என்பது பண்டிதரின் துணிபு. ஆகவே ஒரு தாயியை ஒத்த விகிதத்தில் பகுக்க வேண்டும் என்றார். ஆயப்பாலையில் பன்னிரண்டு, வட்டப்பாலையில் இருபத்துநான்கு, திரிகோணப்பாலையில் நாற்பத்தெட்டு, சதுரப்பாலையில் தொண்ணூற்றாறு எனப் பகுப்பு நுண்மையாகிச் செல்லும். பழந்தமிழர் இருபத்துநான்கில் இரண்டு அலகு குறைத்துப் பாடிய முறையையே பின்வந்தோர் இருபத்திரண்டு எனப் பிறழக் கொண்டனர் என்று வாதிட்டார். மடக்கைக் கணக்கு முதலிய கணித முறைகளைக் கொண்டு பக்கம் பக்கமாக அட்டவணை வகுத்தார். பள்ளியில் கணக்கென்றால் அஞ்சும் நம் பிள்ளைகள், இசைக்குள்ளும் கணக்குத்தான் ஓடுகிறது என அறிந்தால் அச்சம் தெளியக்கூடும்.

1916ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பரோடாவில் முதலாவது அனைத்திந்திய இசை மாநாடு கூடிற்று. மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் ஆதரவில், பாத்கண்டே அதனை முன்னின்று நடத்தினார். பீமாராவ் அம்பேத்கர் வெளிநாடு சென்று பயில உதவித்தொகை வழங்கிய மன்னரும் இந்தச் சாயாஜிராவே. மாநாடு நடந்த அவ்வேளையில் அம்பேத்கர் நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். அதற்கு வந்தோரில் ஆங்கிலேய அதிகாரியான கிளெமன்ட்சும், மராட்டியத்துத் தேவலும் இருபத்திரண்டு சுருதிக் கொள்கையினர். அக்கொள்கைக்கேற்ற ஆர்மோனியம் ஒன்றையே செய்வித்து வைத்திருந்தனர். பண்டிதர் தம் குடும்பத்தாரோடு தஞ்சையிலிருந்து நாட்டின் மறுகோடிக்குப் பயணமானார். தம் கொள்கையை எடுத்துரைத்தார். பெண்மக்கள் வீணையோடு அதனை மெய்ப்பித்துக் காட்டினர். வடமொழி நூல்களே முடிந்த முடிபு என்றிருந்த அவையில், தமிழ் நூலொன்றைச் சான்றாக நிறுத்தி ஒரு மருத்துவர் பேசியது அதற்குமுன் நிகழ்ந்திராத ஒன்று.

1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இசை வரலாறு, சுருதி ஆராய்ச்சி, பழந்தமிழ் நூற்சான்றுகள், மாற்றாரின் கருத்துகளும் அவற்றுக்கு மறுப்பும் எல்லாம் அதனுள் அடங்கின. அட்டவணைகளும் வட்டங்களும் நிறைந்த இத்தகைய நூலை அந்நாளில் வெளி அச்சகத்தில் கொடுத்திருந்தால் பிழை மலிந்திருக்கும், காலமும் கடந்திருக்கும். பண்டிதர் மின்விசையால் இயங்கும் அச்சகத்தைத் தஞ்சையில் தாமே நிறுவியிருந்தார். ஆளுநரின் நினைவாக அதற்கு லாலி அச்சகம் என்று பெயர். திண்டுக்கல்லில் இளமையில் கற்ற அச்சுத்தொழில் இங்கே பயன் தந்தது. வெளிநாட்டாரும் பிற மாநிலத்தாரும் அறியும்பொருட்டு ஆங்கிலத்திலும் சுருதி ஆராய்ச்சியை வெளியிட்டார்.

அவர் முடிவை அனைவரும் ஏற்றனரா? இல்லை. மாநாட்டுக்கு வந்த வித்துவான்களிலேயே ஒப்பாதவர் இருந்தனர். பின்னாளில் ஈழத்து விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் அரங்கேற்றிய யாழ்நூலில் இருபத்திரண்டு அலகு என்ற கணக்கையே கொண்டார். சம அளவாகப் பகுத்த சுருதியில் நம் இராகங்களின் கமகம் அடங்காது என்போர் இன்றும் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. இலெமூரியாக் கண்டம் பற்றி அக்காலத்தில் நிலவிய எண்ணங்களை அவர் நம்பி எழுதிய பகுதிகளை இன்றைய நிலநூல் அறிவு ஏற்பதில்லை. இவற்றையெல்லாம் நீக்கிய பின்பும் ஒன்று நிற்கிறது. தமிழிசைக்கு ஓர் இலக்கணம் உண்டு, அது தமிழ் நூல்களில் உண்டு என்னும் வினையை ஆய்வுக்குரிய பொருளாக்கியவர் அவரே. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதற்கும், பண் ஆராய்ச்சி தழைத்ததற்கும் அவர் முப்பதாண்டு முன்னரே வரப்பு வெட்டி வைத்திருந்தார்.

நாமும் அவரிடம் ஒரு வினா எழுப்பலாம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளாகத் தெய்வத்தோடும் யாழோடும் பறையையும் எண்ணுகிறது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு பாணனையும் பறையனையும் சிறந்த குடிகளாகப் போற்றுகிறது. சம்பந்தர் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தேவாரத்துக்குப் பண் மறைந்துபோன காலத்தில் அதை மீட்டுத் தந்தவர் அப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். இசையைக் காத்த கைகள் இவை. அக்கைகளுக்கு உரியோரைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்களின் பறையைச் சாவுக்கு மட்டும் அழைத்த சமூகம், சுருதி இருபத்திரண்டா இருபத்துநான்கா என்று மேடையில் வாதாடியது. பண்டிதர் தந்தியிசையைக் கணக்கிட்டார். தோற்கருவியின் இலக்கணத்தை அவ்வாறு விரிவாக எழுத ஒருவர் இன்னும் வரவேண்டும். பறையின் அடிவகைகளை, ஊருக்கு ஊர் அவை மாறும் விதத்தை, நம் முதியோர் நினைவில் இருக்கும்போதே குறிப்பெடுக்கத் தொடங்கினால் நம் பிள்ளைகளுக்கே அப்பெருமை சேரும். கவரைப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை உள்ள ஊர்களில் அடிக்கும் முறையைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் மூன்று தோழர்களும் போதும். ஒருவர் வாசிப்போரைத் தேடிச் செல்ல, ஒருவர் ஒலிப்பதிய, ஒருவர் எழுதட்டும்.

காலம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் குழு, கானாவையும் பறையையும் மேனாட்டுக் கருவிகளோடு இணைத்து ஒரே மேடையில் ஏற்றியது. இயக்குநர் இரஞ்சித்தின் ஊக்கத்தால் பிறந்த அக்குழுவுக்கு இசையமைப்பாளர் தென்மா வடிவு தந்தார். 2020ஆம் ஆண்டு முதல் நீலம் பண்பாட்டு மையம் மார்கழித் திங்களில் மக்களிசை விழாவை நடத்தலாயிற்று. அம்மேடைகளைக் கண்டு கைதட்டும் இளைஞர், அவற்றின் பின்னே நின்றோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒத்திகைக்கு நாள் குறித்தவர், ஒலிப்பதிவுக்கு இடம் பிடித்தவர், வண்டி அமர்த்தியவர், கணக்கு எழுதியவர் ஆகியோர் முகம் மேடையில் தெரிவதில்லை. ஆபிரகாம் பண்டிதர் அம்முகங்களின் முன்னோர்.

ஏழாம் மாநாடு முடிந்து மூன்றாண்டு கழிவதற்குள், 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், தம் அறுபதாம் அகவையில் பண்டிதர் காலமானார். கருணானந்தபுரத் தோட்டத்திலேயே அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. அவரோடு பொருளும் ஆளும் சேர்ந்து மறைந்தமையால் சங்கத்தின் மாநாடுகள் எட்டாவதைக் காணவில்லை. தலைமை ஒருவரிடமே குவிந்திருந்ததன் விளைவு இது. ஆனால் வீட்டுக்குள் அவர் பயிற்றிய குழு கலையவில்லை. எழுதி வைத்துச் சென்ற கையெழுத்துப் படிகளை மக்கள் காத்தனர். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகம் 1946இல் அச்சேறியது. மகன் வரகுண பாண்டியன் தந்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பழைய யாழின் இசைமுறையை ஆராய்ந்து 1950இல் ஒரு நூல் எழுதினார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் பாணர் கைவழி.